ஜெர்மன் ஏரிக்கரையில் நான் இருந்த இரண்டு வருடங்கள்

ஜெர்மனியின் வடக்கே, நீண்ட ஏரி ஒன்றின் கரையில் இருக்கும் சின்ன ஊரில் நான் இரண்டு வருடங்கள் வேலை பார்த்ததாக என் ரெஸ்யூமேயில் இருந்தது. ஊரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது போய் விசாரிப்பார்கள். அந்த இரண்டு வருடங்களும் உண்மையில் நான் கூத்தாநல்லூரில் அத்தாவின் பெயின்ட் கடையில் உட்கார்ந்து டிஸ்டெம்பர் டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வரி ரெஸ்யூமேக்குள் நுழைந்தது 2002 தொடக்கத்தில். நானும் என் மனைவியும் அப்போது நியூ ஜெர்ஸியில், பார்சிப்பனியை ஒட்டிய லேக் ஹயவாதாவில் குடியிருந்தோம். பெயரில்தான் லேக். ஒரு காலத்தில் ஏரி இருந்ததாம். பிறகு அது போய்விட்டது, பெயர் மட்டும் தபால் விலாசத்தில் தங்கிவிட்டது. என்னைப் போலவே அந்த இடத்துக்கும் ரெஸ்யூமேயில் ஒன்று, நேரில் ஒன்று. முதல் ப்ராஜெக்ட் முந்தைய இலையுதிர் காலத்தோடு முடிந்துபோனது. அதற்குப் பிறகு ஐந்து மாதமாக எனக்கு ஒரு இன்டர்வியூ கூட வரவில்லை. வேலை இல்லாமல் இந்த நாட்டில் எத்தனை நாள் இருக்கலாம் என்பதை எங்களுக்கு யாரும் தெளிவாகச் சொல்லவுமில்லை.

என்னை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த கன்சல்டிங் கம்பெனி, ரூட் 46-ல் ஒரு சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தது. முதலாளி சேலத்துக்காரர். ஒருநாள் என்னை வரச்சொல்லி ரெஸ்யூமேயைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டார்.

"தொண்ணூத்தெட்டுலேந்து ரெண்டாயிரம் வரைக்கும் என்ன பண்ணீங்க பாய்?"

"அத்தா கடையில இருந்தேன் சார். பெயின்ட் கடை. சாயங்காலம் கம்ப்யூட்டர் க்ளாஸ் போனேன்."

"பெயின்ட் கடைன்னு போட்டா எவன் கூப்பிடுவான்? நடுவுல ரெண்டு வருஷம் கேப் விட்டாலும் கூப்பிட மாட்டான்."

அவர் நாற்காலியில் சாய்ந்து யோசித்தார். எதிர்ச் சுவரில் அச்சகம் ஒன்று இலவசமாகக் கொடுத்த காலண்டர் தொங்கியது. அந்த மாதத்துப் படத்தில் ஓர் ஏரி, செங்கல் நிறத்தில் ஒரு மாதா கோயில் கோபுரம், மரத்தாலான படகுத்துறை. படத்துக்கு அடியில் ஊர்ப் பெயர். அவர் எழுந்துபோய், அதை எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டு வந்து டைப் செய்தார்.

"முனிசிபல் வாட்டர் சிஸ்டம். ரெண்டு வருஷம். க்ளையன்ட் சைட்."

"சார், எனக்கு ஜெர்மன் தெரியாது."

"ப்ராஜெக்ட் லாங்வேஜ் இங்லீஷ்" என்று அதையும் சேர்த்து டைப் செய்தார்.

நான் மறுத்தேன் என்று இப்போது எழுத ஆசைதான். மறுக்கவில்லை. "இந்த ஊர் எங்க சார் இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். அவர் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்து, "ஹாம்பர்க்லேந்து ரெண்டு மணி நேரம்" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் கணவனை மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அந்த வார்த்தையைச் சொல்லும் தொனியிலேயே என் நிலைமை எனக்குத் தெரிந்துவிடும்.

"மச்சான். ஹாம்பர்க்கா?"

"ஹாம்பர்க் இல்ல. பக்கத்துல."

"இப்ப டீவில தினம் சொல்றாங்களே, அந்த ஹாம்பர்க் பக்கத்துலயா?"

முந்தைய செப்டம்பரில் இரட்டைக் கோபுரங்களில் விமானங்களை மோதியவர்களில் சிலர் ஹாம்பர்க்கில் குடியிருந்தவர்கள்; அதன் பிறகு செய்திகளில் அந்த நகரமும் எங்களுடையதைப் போன்ற பெயர்களும் ஒரே மூச்சில் வந்துகொண்டிருந்தன. அந்தக் காலத்தில், இந்தப் பெயரை வைத்துக்கொண்டு, ஒருநாளும் போகாத வட ஜெர்மனியில் இரண்டு வருடம் இருந்தேன் என்று நானே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இதைவிடப் புத்திசாலித்தனமான பொய் எத்தனையோ இருந்திருக்கும். மறுநாள் முதலாளிக்கு போன் பண்ணி, ஸ்வீடன் என்று மாற்றலாமா என்று கேட்டேன்.

"அனுப்பிட்டேன் பாய். முப்பது இடத்துக்குப் போயிடுச்சு. நீங்க கவலைப்படாதீங்க. அது பெரிய சிட்டி, இது ஏரி. நடுவுல பூரா மாடுதான் மேயுது."

வேறு வழியில்லாமல் படிக்க ஆரம்பித்தேன். எங்கள் ஊர் நூலகத்தில் அந்த ஊரைப் பற்றி ஒன்றும் இல்லை. நூலகப் பெண்மணி எங்கெங்கோ கேட்டு, வேறொரு மாநிலத்து நூலகத்திலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை வரவழைத்துக் கொடுத்தார். அந்த ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் எழுதியதன் ஆங்கில மொழிபெயர்ப்பு. பரீட்சைக்குப் படிப்பதுபோல அதைப் படித்தேன். காபி கோப்பை வைத்த வட்டக் கறை எந்தப் பக்கத்தில் இருந்தது என்று கூட இன்றும் சொல்வேன்.

ஏரியை வெட்டியது ஆறல்ல, பனிப்பாறை. பனியுகத்தில் வடக்கிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாளம் மண்ணைச் சுரண்டிக்கொண்டே வந்து, உருகிப்போன இடத்தில் முருங்கைக்காய் மாதிரி நீண்ட பள்ளத்தை விட்டுவிட்டுப் போனது. அதன் தெற்கு நுனியில் துறவிகள் வந்து மடம் கட்டினார்கள். மடத்தைச் சுற்றி ஊர் வந்தது. ஊருக்கு மூன்று வாசல்கள். மூன்று முறை ஊர் எரிந்து, ஒரு வாசல்தான் மிச்சம். முப்பதாண்டுப் போரில் ஸ்வீடன் படைகள் வருவதாகக் கேள்விப்பட்டு, கோயில் மணியைக் கழற்றிப் படகில் ஏற்றி ஏரியின் நடுவில் மூழ்கடித்தார்கள். படைகள் வந்து போயின. மணியை எந்த இடத்தில் போட்டோம் என்பது மறந்துபோனது. எதிர்க்கரைக் கிராமத்தோடு விலாங்கு மீன் பிடிக்கும் உரிமைக்காக மூன்று தலைமுறை வழக்கு. ரயில் வேண்டாம், புகையில் மீன் செத்துவிடும் என்று ஊர்ச்சபை மறுத்ததால் ரயில்வே ஸ்டேஷன் ஊருக்கு வெளியே வெகுதூரத்தில் கட்டப்பட்டது.

அடுக்களையில் மீன் ஆய்ந்துகொண்டே மனைவி கேள்வி கேட்பாள்.

"பஸ் ஸ்டாண்டுலேந்து கோயிலுக்கு எப்படிப் போவீங்க?"

"பழைய வாசல் வழியா உள்ள போய் லெஃப்ட்."

"தப்பு. ரைட். லெஃப்ட்ல போனா உப்புக் கிடங்கு."

அவள் புத்தகத்தைப் படித்ததே இல்லை. நான் வரைந்து ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தே ஊரைத் தெரிந்துகொண்டுவிட்டாள்.

ஏப்ரலில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். வீட்டிலிருந்து இருபது நிமிட டிரைவ். என்னை இன்டர்வியூ செய்த மேனேஜர் ஐம்பது வயதுக்காரர். நெடுநெடுவென்ற உயரம், கட்டம் போட்ட சட்டை. ரெஸ்யூமேயை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்த அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. கண்ணாடியைக் கழற்றினார்.

"என் அம்மாவின் ஊர்" என்றார்.

எழுந்து போய்விடலாமா என்று கூட நினைத்தேன். ஆனால் அவர் முகத்தில் சந்தேகம் இல்லை. தொலைந்துபோன உறவினரைப் பார்த்த மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒருமுறை கூட அங்கே போனதில்லையாம். அம்மா கூட்டிப் போனதே இல்லையாம்.

"அந்த ஏரி எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

நான் பனிப்பாறையிலிருந்து ஆரம்பித்தேன். பயத்தில் நிறுத்தத் தெரியவில்லை. மணி மூழ்கிய இடத்துக்கு வந்தபோது அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். ஜாவாவைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டார்: "ஜாவா தெரியுமல்லவா?" தெரியும் என்றேன். திங்கட்கிழமை வேலைக்குச் சேரச் சொன்னார்கள்.

அந்த வேலையில் ஏழு வருடம் இருந்தேன். வேலை எனக்குத் தெரிந்த வேலை. அதில் குறை வைக்கவில்லை. ஆனால் அலுவலகத்தில் என்னை யாரும் இந்தியன் என்று நினைக்கவில்லை. புதிதாக வருகிறவர்களிடம் மேனேஜர், "இவர் எங்கள் ஜெர்மன்காரர்" என்று அறிமுகம் செய்வார். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள், அவரைப் பார்ப்பார்கள், பிறகு தலையாட்டுவார்கள். உலகக் கோப்பைக் கால்பந்தில் ஜெர்மனி தோற்ற மறுநாள் நான்கு பேர் என் மேஜைக்கு வந்து வருத்தம் தெரிவித்தார்கள். நான் நன்றி சொன்னேன்.

அடுத்த வருடம் மேனேஜர் என்னை ஒரு கூட்டத்தில் பேச அழைத்தார். அந்தப் பக்கத்து ஜெர்மானிய வம்சாவளியினர் மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஹாலில் கூடுவார்கள். எங்கள் மகள் பிறந்து சில மாதம் ஆகியிருந்தது. மனைவி குழந்தையோடு வருவதாகச் சொன்னாள்.

"எதுக்கு வர்றே? நானே பயந்துபோய் இருக்கேன்."

"லெஃப்ட்டா ரைட்டான்னு நீங்க குழம்புவீங்க. நான் முன்னாடி வரிசையில உக்காந்து கை காட்டுறேன்."

ஹாலில் ஐம்பது பேர் இருந்தார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். மேஜையில் பன்றித் தொத்திறைச்சியும் ஒரு பெரிய பாத்திரத்தில் உருளைக்கிழங்கு சாலட்டும் வைத்திருந்தார்கள். மனைவி முதலில் சாலட்டை முகர்ந்தாள். பிறகு கரண்டியால் கிளறினாள். அதில் பன்றிக் கொழுப்புத் துணுக்குகள் இருப்பதைக் கண்டுபிடித்துக் கண்ணாலேயே என்னிடம் வேண்டாம் என்றாள். பக்கத்தில் நின்ற பெண்மணி, "இரண்டு வருடம் அங்கே என்ன சாப்பிட்டார் உங்கள் கணவர்?" என்று கேட்டார்.

"மீன்" என்றாள் என் மனைவி, யோசிக்காமல். "விலாங்கு மீன்."

நான் முக்கால் மணி நேரம் பேசினேன். வலது கை, இடது கை எல்லாம் முன் வரிசையிலிருந்து ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. விலாங்கு வழக்கில் எதிர்க்கரைக்காரர்கள் வலையை அறுத்த பகுதியில் கோபமாகச் சிலர் முனகினார்கள். மணியை ஏரியில் இறக்கிய இடத்தில் ஒரு கிழவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். நான் சொன்ன எதுவும் பொய் இல்லை. ஊரைப் பற்றி ஒரு பொய் கூடச் சொன்னதில்லை நான். பொய், அந்த ஊரில் நான் நின்றேன் என்பது மட்டும்தான். அது எனக்கு ஒரு ஆறுதலாகக் கொஞ்ச நாள் இருந்தது.

2005-ல் மேனேஜரின் அம்மா, ப்ளோரிடாவில் தனியாக இருந்தவர், மகன் வீட்டுக்குக் குடிவந்தார். "அம்மா உங்களைப் பார்க்கத் துடிக்கிறார்" என்று மேனேஜர் சொன்னார். மூன்று சனிக்கிழமைகள் சாக்குச் சொன்னேன். முதலில் காய்ச்சல், பிறகு குழந்தைக்குக் காய்ச்சல், பிறகு காருக்கு. நான்காவது சனிக்கிழமை போனேன்.

மேனேஜர் வீட்டுப் பின்கட்டில் கண்ணாடி அறை. அதில் அந்த அம்மாள் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, கூர்மையான மூக்கு. ஜெர்மனில் ஏதோ கேட்டார். "ப்ராஜெக்ட் லாங்வேஜ் இங்லீஷ்" என்றேன். வேறு எதுவும் எனக்கு அந்த நேரம் வரவில்லை. அவர் ஆங்கிலத்துக்கு மாறினார்.

"வாரத்தில் எந்த நாள் ஊர் நாறும்?"

நான் மடத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். கை காட்டி நிறுத்தினார்.

"நான் கேட்டது, எந்த நாள் நாறும்."

தெரியவில்லை. அந்த விஷயம் புத்தகத்தில் இல்லை. விலாங்கு வழக்கில் தீர்ப்பு எப்படி வந்தது என்று சொன்னேன். மூன்று தீ விபத்துகளையும் வரிசையாகச் சொன்னேன். அவர் வாயைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகனிடம் டீ போட்டு வரச் சொன்னார். மகன் உள்ளே போனதும் என் பக்கம் குனிந்தார்.

"நீ அங்கே போனதே இல்லை."

நான் மகன் போன கதவைப் பார்த்தேன்.

"அந்த ஊர்க்காரன் எவனுக்கும் இதெல்லாம் தெரியாது. பனிப்பாறையாம். நான் பத்தொன்பது வயது வரை அங்கே இருந்தேன். அந்தக் கோபுரத்தை யார் கட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் கேட்டதில்லை. வியாழக்கிழமைதான் மீன் புகைபோடுவார்கள். துணி காயப்போட்டால் ஒரு வாரத்துக்கு வாடை போகாது. அது தெரியாமல் ஒருத்தன் அங்கே இரண்டு நாள் கூட இருக்க முடியாது."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காலண்டர், சேலத்துக்காரர், பெயின்ட் கடை. சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து அடங்கியபின், "அந்த மணி, அதை எடுத்தார்களா கடைசியில்?" என்று கேட்டார்.

"புத்தகத்தில் எடுக்கவில்லை என்றுதான் இருக்கிறது."

"சின்ன வயதில் நாங்கள் ஏரியில் குளிக்கும்போது அடியில் மணி இருக்கிறது, காலைப் பிடித்து இழுக்கும் என்று பயமுறுத்துவார்கள். ஏன் அங்கே மணி வந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை." அவர் டீக்காக வாசலைப் பார்த்தார். "அடுத்த சனிக்கிழமை வந்து மீதியைச் சொல்."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை போய், அவர் பிறந்த ஊரின் வரலாற்றை அவருக்குச் சொன்னேன். அவர் பதிலுக்கு என் வரைபடத்தைத் திருத்தினார். உப்புக் கிடங்கு இடிந்து அவர் பிறக்கும் முன்பே குதிரை லாயமாகிவிட்டதாம். அதை வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவிக்குக் கோபம் வந்தது. மூன்று வருடமாக அந்தக் கிடங்கை அவள் நம்பியிருந்தாள்.

ஏன் ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை என்று ஒருநாள் அவரைக் கேட்டேன். போருக்குப் பின் ஓர் அமெரிக்கப் பொறியாளரை மணந்து புறப்பட்டபோது, தன் சைக்கிளை அக்காவிடம் விட்டுவிட்டு வந்தாராம். கொஞ்ச நாளைக்கு வைத்துக்கொள் என்றுதான் சொன்னாராம். அக்கா அதைத் தனக்கே கொடுத்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லி, பச்சைப் பெயின்ட் வேறு அடித்துவிட்டாராம். அதிலிருந்து பேச்சில்லை. அக்கா இறந்தே பதினைந்து வருடமாகிவிட்டது. "பச்சை" என்று இன்னொரு முறை சொன்னார், நேற்று நடந்ததுபோல. பழைய இரும்பின் மேல் ப்ரைமர் அடிக்காமல் பச்சை அடித்தால் நிற்காது, உரிந்துவிடும் என்றேன். அன்று அவருக்கு என்மேல் பெரிய மரியாதை ஏற்பட்டது.

அடுத்த வருடம் என் க்ரீன் கார்டு வேலை தொடங்கியது. வக்கீல் ஆபீஸிலிருந்து ஒரு படிவம் வந்தது. படிப்பு முடிந்ததிலிருந்து பார்த்த வேலைகளை எல்லாம் எழுதச் சொல்லியிருந்தார்கள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

"என்ன எழுதப் போறீங்க?" என்றாள் மனைவி.

"நீ சொல்லு."

"கவர்மென்ட் பேப்பர். பெயின்ட் கடைன்னே எழுதுங்க. போனா போவட்டும், ஊர்ல கடை இருக்கு."

பெயின்ட் கடை, கூத்தாநல்லூர் என்று எழுதினேன். அந்தப் படிவம் மேனேஜர் கண்ணில் படும் முன் நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மறுநாள் காலை அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். நான் அந்த ஊரில் இருந்ததில்லை, ஜெர்மனிக்கே போனதில்லை, அந்த வரி பொய், இன்டர்வியூவில் சொன்னதெல்லாம் புத்தகத்தில் படித்தது என்று நின்றுகொண்டே சொன்னேன். என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

அவர் என்னை அன்பாகப் பார்த்தார்.

"நீங்கள் ரொம்பக் களைத்துப் போயிருக்கிறீர்கள்."

"இல்லை, உண்மையைத்தான் சொல்கிறேன்."

"என் அம்மா எல்லாம் சொல்லிவிட்டார். நீங்கள் தங்கியிருந்தது எங்கள் பெரியம்மாவின் வீடு. படகுத்துறைக்குப் போகும் சந்தில் கடைசி வீடு, மேல்மாடி அறை. இப்படி ஒரு தற்செயலை நான் கேள்விப்பட்டதே இல்லை. நீங்கள் கூச்சப்பட்டு மறைக்கிறீர்கள் என்றும் சொன்னார்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மாள் எனக்கு முன்பே வந்து கதவை அடைத்துவிட்டுப் போயிருந்தார். அப்படியானால் வக்கீல் படிவத்தில் பெயின்ட் கடை என்று எழுதியிருக்கிறேனே என்றேன். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார், வக்கீல்கள் எப்போதும் எதையாவது தப்பாக எழுதுவார்கள் என்றார். வக்கீலோ, ஊரில் பார்த்த எந்த வேலையும் இந்த விண்ணப்பத்துக்குத் தேவையே இல்லை என்று அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார். நான் உண்மை எழுதிய ஒரே தாள் அது.

சனிக்கிழமை அந்த அம்மாளிடம் சண்டைக்குப் போனேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றேன்.

"உன்னை வேலையை விட்டு அனுப்பினால் எனக்கு ரயில்வே ஸ்டேஷன் கதையை யார் சொல்வது? பாதியில் நிற்கிறது" என்றார்.

மகள் கிண்டர்கார்டன் சேர்ந்த வருடம், குடும்பத்தைப் பற்றி வகுப்பில் பேசச் சொன்னார்கள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். டீச்சர் எங்களை அழைத்து, அத்தா ஜெர்மனிக்காரர், உம்மா அங்கே விலாங்கு விற்றவர் என்று அவள் சொன்னதாகத் தெரிவித்தார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து மகளை உட்காரவைத்து, கூத்தாநல்லூர் என்று ஒரு ஊர் இருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்று விளக்கினோம். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, அங்கே ஏரி இருக்கிறதா என்று கேட்டாள். குளம் இருக்கிறது என்றேன். யார் வெட்டியது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஊருக்கு போன் பண்ணிக் கேட்டேன். அத்தாவுக்கும் தெரியவில்லை. "அது எப்பவும் அங்கதான்பா இருக்கு" என்றார்.

2008 கோடையில் மேனேஜர் சீக்கிரமே ஓய்வு பெற்றுக்கொண்டார். செய்த முதல் காரியம், அந்த ஊருக்கு டிக்கெட் எடுத்தது. அம்மாவையும் அழைத்தார். சைக்கிளுக்கு ஒரு முடிவு தெரியாமல் நான் வர மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். மேனேஜர் கிளம்பும் முன் எனக்கு போன் செய்து, "உங்களுக்கு அறை வாடகைக்குக் கொடுத்த அம்மாவுக்கு என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார். பெரியம்மாவின் மகள்தான் இப்போது அங்கே இருக்கிறார், கோடையில் மேல்மாடி அறையை வாடகைக்கு விடுகிறார் என்று கடிதம் எழுதித் தெரிந்துகொண்டாராம்.

"சலாம் சொல்லுங்க" என்று தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு திருத்தி, நலம் விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்றேன்.

அந்த இரண்டு வாரமும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதற்கு மேல் தப்பிக்க வழியில்லை. அந்தப் பெண்மணி, இந்தியனா, யார் அது என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஒருவிதத்தில் எனக்கு அது நிம்மதியாகவும் தோன்றியது. ஆறு வருடத்துக்குப் பிறகு யாராவது ஒருவர் இல்லை என்று சொல்லப் போகிறார்.

மேனேஜர் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை நேராக எங்கள் வீட்டுக்கே வந்தார். வெயிலில் கறுத்து, சந்தோஷமாக இருந்தார். ஏரியைச் சொன்னார், கோபுரத்தைச் சொன்னார், கொட்டகையில் கிடந்த பழைய சைக்கிளைச் சொன்னார். நான் சொன்னதெல்லாம் சொன்ன இடத்திலேயே இருந்ததாம். அங்கே இருந்தவர்களுக்கு அவர்தான் மணியின் கதையைச் சொல்லிக்கொடுத்தாராம். பிறகு தோள்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அவருக்கு உங்களை நன்றாக ஞாபகம் இருக்கிறது" என்றார். "ரொம்ப அமைதியான மனிதர், சத்தமே இருக்காது, ஒரே ஒரு முறை சமைக்கும்போது புகை எச்சரிக்கை மணி அடித்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தார். நீங்கள் விட்டுவிட்டு வந்ததைப் பத்திரமாக வைத்திருந்தார்."

பொட்டலத்தைப் பிரித்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி ஸ்வெட்டர். முழங்கையில் தைத்த இடம் தெரிந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரோ ஒருவர், எந்த ஊர்க்காரரோ, எந்த வேலைக்கோ, நிஜமாகவே அந்த அறையில் இருந்திருக்க வேண்டும். அல்லது அமெரிக்காவிலிருந்து வந்த உறவினரின் மனம் நோகக் கூடாதென்று அந்தப் பெண்மணி பெட்டியில் கிடந்த எதையோ எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டில் எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மேனேஜரின் முகத்தைப் பார்த்து, "அங்கேதான் விட்டுவிட்டேனா" என்று சொன்னேன். அந்த ஊர் விஷயத்தில் தெரிந்தே, முழுசாக நான் சொன்ன முதல் பொய் அதுதான் என்று நினைக்கிறேன். அதற்குமுன் சொன்னதெல்லாம் மற்றவர்கள் எழுதிக் கொடுத்தவை.

அவர் போனபின் ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்தேன். தோள் தொங்கியது, கை விரல்களைத் தாண்டியது.

"அங்க நல்லா சாப்பிட்டிருக்கீங்க மச்சான்" என்றாள் மனைவி.

அந்த அம்மாளிடம் சொன்னபோது, அவர் ஸ்வெட்டரைப் பற்றிக் கேட்கவில்லை. சைக்கிள் பற்றி மகன் என்ன சொன்னான் என்றுதான் கேட்டார்; மகனிடமே கேட்க அவருக்கு வீம்பு. கொட்டகையில் இருக்கிறது, பச்சை முழுக்க உரிந்து பழைய கறுப்பு தெரிகிறது என்றேன். அடுத்த மே மாதம், நடமாட உதவும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மகனோடு விமானம் ஏறிப் போனார். போனவர் அங்கேயே தங்கிவிட்டார். எப்போதாவது ஒரு தபால் அட்டை வரும். வியாழக்கிழமை இன்னும் நாறுகிறது என்று ஒன்றில் எழுதியிருந்தார்.

நான் வேலை மாறி, நாங்கள் டெக்ஸாஸில் சுகர் லேண்டுக்குக் குடிபோனோம். வீடு மாற்றும் அவசரத்தில் மனைவி எல்லாத் துணிகளையும் ஒன்றாகத் துவைத்து, துணி காயவைக்கும் ட்ரையரில் போட்டுச் சூடாக ஓடவிட்டாள். கம்பளியை அதில் போடக்கூடாது என்று இருவருக்கும் தெரியாது. வெளியே எடுத்தபோது ஸ்வெட்டர் நன்றாகச் சுருங்கியிருந்தது. போட்டுப் பார்த்தேன். எனக்கென்றே பின்னியதுபோல் சரியாக இருந்தது.